வெல்டிங் சட்டகத்தில் ரயில் தளம் சமப்படுத்துதல்: ஒரு நிகழ்வு ஆய்வு

வீட்டுப் பட்டறையில் கட்டும் சிஎன்சி ரூட்டர்களில் (கணினிக் கட்டுப்பாட்டில் பலகை வெட்டும் இயந்திரங்களில்) வழக்கமாகக் காணும் ஒரு சட்டகத்தை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். 100×100×6 மி.மீ. சதுர இரும்புக் குழாய் இரண்டு. ஒவ்வொன்றும் 1500 மி.மீ. நீளம், மையத்துக்கு மையம் 800 மி.மீ. இடைவெளி. இரண்டையும் நான்கு குறுக்குச்சட்டங்கள் இணைக்கின்றன. மூட்டுகள் எல்லாம் வெல்டிங். குழாய்களின் மேல்முகத்தில் 20 மி.மீ. அகல லீனியர் ரயில் (நேர்கோட்டு நகர்வுக்கான எஃகுத் தண்டவாளம்) ஓட வேண்டும். அதன் மேல் சுமார் 60 கிலோ எடையுள்ள கேன்ட்ரி, அதாவது வெட்டும் தலையைத் தாங்கும் குறுக்குப் பாலம், நகரும்.

வெல்டிங் முடிந்த நிலையில் இடது குழாயின் மேல்முகம் நடுவில் 0.9 மி.மீ. மேடு, வலது குழாய் 0.6 மி.மீ. பள்ளம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மூலைகளும் ஒரே தளத்தில் இல்லை. மூன்று மூலைகளை ஒரு தளத்தில் நிறுத்தினால் நான்காவது 1.1 மி.மீ. கீழே நிற்கிறது. இப்படி ஒரு சட்டகம் அமைந்தால் அதை மோசமான வேலை என்று சொல்லக்கூடாது. ஆலையிலிருந்து வரும் சதுரக் குழாயிலேயே மீட்டருக்கு 1 மி.மீ. அளவு வளைவு இருக்கும். பக்கங்கள் நடுவில் குழிந்தோ புடைத்தோ இருக்கும். அதற்கு மேல் வெல்டிங் குளிரும்போது சுருங்கி இழுக்கிறது.

இதே அளவு ரயில்களுக்குத் தயாரிப்பாளர் பட்டியல்கள் தரும் வரம்பு வேறு உலகத்தில் இருக்கிறது. இரு ரயில்களுக்கு இடையே இணைத்தன்மைப் பிழை 20 முதல் 25 மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை. உயர வேறுபாடு, 500 மி.மீ. இடைவெளிக்கு 0.1 மி.மீ. சுற்றுவட்டாரத்தில். ப்ரீலோட் (பந்துகளுக்கு முன்கூட்டியே தரும் இறுக்கம்) கூடக்கூட இந்த வரம்பு இறுகும். நம்மிடம் இருக்கும் பிழை இதைப்போல் பத்து மடங்கு. ரயில் கெட்டியான எஃகுதானே, அது நேராக நிற்கும் என்று நம்புவது வீண். 60 மி.மீ.க்கு ஒரு போல்ட் இறுக்கும்போது ரயில் அடித்தளம் எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியே வளையும். வளைந்த ரயிலில் பிளாக் (ரயில்மேல் பந்துகளில் ஓடும் தாங்கி) ஓடும், ஆனால் சில இடங்களில் இறுகும், பந்துகள் சீக்கிரம் தேயும், வெட்டிய பலகையில் அந்த வளைவு அப்படியே பதியும்.

தேவை என்ன என்பதை முதலில் துல்லியமாகச் சொல்லிவிட வேண்டும். இயந்திரம் பூமிக்கு மட்டமாக நிற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இரண்டு ரயில் தளங்களும் நேராக இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்து ஒரே சமதளத்தில் அமைய வேண்டும். ரசமட்டமும், குழாயின் மேல் திரவமாக ஊற்றித் தானாகச் சமமாகிக் கெட்டிப்படும் எப்பாக்சியும் அந்த நிலைக்குக் கொண்டுபோகும் வழிகள். இதைப் பிரித்துப் பார்க்காதவர்கள் தலா ஒரு ரயிலை மிக அழகாக நேராக்கிவிட்டு, இரண்டுக்கும் இடையே முறுக்கு இருப்பதைக் கேன்ட்ரி ஏற்றிய பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள்.

சட்டகம் அமைதியாக நிற்கிறதா

எப்பாக்சி வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை கால்களில் இருக்கிறது. நான்கு கால் மேசை எந்தத் தரையிலும் ஆடுவதுபோல, நான்கு கால் சட்டகமும் தரைக்கு ஏற்ப முறுகும். ஆடுவது கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் இரும்பு வளைந்து கொடுத்துவிடுகிறது. சட்டகத்தை மூன்று புள்ளிகளில் நிறுத்தி அளப்பதே அதன் இயல்பான வடிவத்தைக் காட்டும். பிறகு நான்காவது காலை மெல்லத் தொடும் அளவுக்கு மட்டும் ஏற்ற வேண்டும்.

எந்த இடத்தில், எந்தக் கால்களில் இயந்திரம் நிரந்தரமாக நிற்கப்போகிறதோ அங்கேயே ஊற்ற வேண்டும். வேறு இடத்தில் ஊற்றிவிட்டுத் தூக்கிக்கொண்டு போய் வைத்தால், புதிய தரையின் முறுக்கு ரயிலுக்குள் ஏறிவிடும். மேசைப்பலகை, மோட்டார், மின்பெட்டி போன்ற நிலையான எடைகள் சட்டகத்தில் தொங்கப்போகின்றன என்றால், அவற்றையோ அதே எடையுள்ள இரும்பையோ ஊற்றுவதற்கு முன்பே ஏற்றிவிட வேண்டும்.

நகரும் எடைக்கு இந்த வழி பயன்படாது. 60 கிலோ கேன்ட்ரியில் பாதி, அதாவது சுமார் 300 நியூட்டன், ஒரு குழாயின் மீது விழுகிறது. குழாய் இரு முனைகளில் மட்டும் 1400 மி.மீ. இடைவெளியில் தாங்கப்பட்டிருந்தால், கேன்ட்ரி நடுவுக்கு வரும்போது தோராயமாக 25 மைக்ரான் தொய்வு வரும். எவ்வளவு நுட்பமாகத் தளம் அமைத்தாலும் இது போகாது. நடுவில் ஒரு கால் சேர்த்தால் தாங்கும் இடைவெளி பாதியாகும், தொய்வு எட்டில் ஒரு பங்காகும், அதாவது 3 மைக்ரான். இந்தச் சட்டகத்துக்கு நடுக்கால் அவசியம். அதையும் ஊற்றுவதற்கு முன்பே, அடியில் தொட்டுக்கொண்டிருக்கும் அளவுக்கு மட்டும் ஏற்றி அமைக்க வேண்டும். அதிகம் ஏற்றினால் நடுவில் மேடு தள்ளும்.

வெல்டிங் உள்ளழுத்தம் பற்றி ஒரு வார்த்தை. உலையில் 550 முதல் 650 டிகிரி வரை சூடாக்கி மெல்ல ஆறவிட்ட சட்டகம்தான் முழுமையாக அமைதியடையும். அந்த வசதி இல்லாதபோது, மேல்முகத்தைக் கனமாக மில்லிங் செய்வதைத் தவிர்ப்பது நல்லது. உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும் ஓர் அடுக்கை வெட்டி எடுத்தால் மீதி இரும்பு புதிய வடிவத்துக்கு நகரும். எப்பாக்சி முறைக்கு இங்கே ஒரு நன்மை உண்டு. அது எதையும் வெட்டி எடுப்பதில்லை, ஆகவே அந்தச் சமநிலையைக் கலைப்பதில்லை.

அளப்பது

தச்சர் ரசமட்டம் இந்த வேலைக்குப் போதாது. குமிழி ஒரு கோடு நகர்ந்தால் மீட்டருக்கு 0.02 மி.மீ. காட்டும் இயந்திர ரசமட்டம் வேண்டும். அதன் அடியில் 150 மி.மீ. இடைவெளியில் இரு பாதங்கள் உள்ள பட்டையை வைத்தால், ஒரு கோடு 3 மைக்ரான் உயர வேறுபாட்டைக் குறிக்கும். பாதத்தை முந்தைய பாதம் இருந்த இடத்தில் வைத்து, 150, 150 மி.மீ.யாக நகர்த்திக்கொண்டே போனால் 1500 மி.மீ. ரயிலுக்குப் பத்து அளவுகள் கிடைக்கும்.

இந்த வரிசையைப் பாருங்கள்: +4, +3, +3, +1, 0, −1, −2, −2, −3, −3 கோடுகள். ஒவ்வொன்றையும் 3 மைக்ரானால் பெருக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். உயரம் 12, 21, 30, 33, 33, 30, 24, 18, 9, 0 மைக்ரான் என வரும். நடுவில் 33 மைக்ரான் மேடு. கடைசி எண் பூஜ்யமாக இல்லாவிட்டால் ரயில் மொத்தமாகச் சாய்ந்திருக்கிறது என்றுதான் பொருள். முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் இணைக்கும் கோட்டிலிருந்து விலகலைக் கணக்கிட்டால் போதும். ஒருமுறை அளந்ததை நம்பாதீர்கள். எதிர்த்திசையில் திரும்ப அளந்து, இரண்டும் ஒரு கோட்டுக்குள் ஒத்துப்போகிறதா பார்க்க வேண்டும்.

முறுக்கை அளக்க, இரு ரயில் தளங்களின் மேல் குறுக்காக ஒரு விறைப்பான பட்டையை வைத்து அதன்மேல் அதே ரசமட்டத்தை வைக்க வேண்டும். 800 மி.மீ. இடைவெளிக்கு ஒரு கோடு 16 மைக்ரான். பட்டையின் பாதங்கள் சரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எல்லா இடத்திலும் ஒரே எண் வந்தால் முறுக்கு இல்லை. எண் மாறுவதுதான் முறுக்கு. பட்டையை எப்போதும் ஒரே பக்கம் பார்த்து வைக்க வேண்டும், திருப்பி வைத்தால் கணக்கு குழம்பும்.

எல்லா அளவுகளையும் கெடுப்பது வெப்பம். 1.5 மீட்டர் நீளமும் 100 மி.மீ. உயரமும் உள்ள இரும்புக் குழாயின் மேல்முகம் அடிமுகத்தைவிட 1 டிகிரி செல்சியஸ் சூடாக இருந்தால், தடையில்லாத நிலையில் அது நடுவில் சுமார் 34 மைக்ரான் மேல்நோக்கி வளையும். ஜன்னல் வெயில் ஒரு பக்கம் விழுந்தாலே இந்த வேறுபாடு வந்துவிடும். காலையில் ஒரு விதமாகவும் மாலையில் வேறு விதமாகவும் அளவு வந்தால் கருவியைக் குறை சொல்லும் முன் வெயிலைப் பாருங்கள்.

எப்பாக்சிக்கு முந்தைய தளம்

ஊற்றிவிட்டால் எல்லாப் பிழையும் மூழ்கிவிடும் என்ற எண்ணத்தால்தான் பலருக்கு வேலை கெடுகிறது. எப்பாக்சி கெட்டிப்படும்போது சுருங்கும். திரவமாக இருக்கும்வரை மேல்மட்டம் ஓடி ஈடுகட்டிக்கொள்ளும். ஜெல் ஆன (ஓட்டம் நின்று கூழான) பிறகு வரும் சுருக்கம் தடிமனுக்கு ஏற்ப இருக்கும். ஓரிடத்தில் 6 மி.மீ., இன்னோர் இடத்தில் 8 மி.மீ. என்றால், தடித்த இடம் கூடுதலாக இறங்கும். மீதமுள்ள சுருக்கம் அரை சதவீதம் என்று வைத்தாலும் 2 மி.மீ. வேறுபாடு 10 மைக்ரான் பள்ளமாகும். ஆகவே கால்களைச் சரிசெய்து முறுக்கை எடுத்து, மேடான பகுதிகளைக் கிரைண்டரால் தேய்த்து, அடித்தளம் மொத்தமும் 1 மி.மீ.க்குள் வந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். நமது சட்டகத்தில் நான்காவது மூலையின் 1.1 மி.மீ. கால் திருகாணியிலேயே பெரும்பகுதி போய்விடும். இடது குழாயின் 0.9 மி.மீ. மேட்டைப் பாதியாகத் தேய்த்தால் போதும்.

கிரைண்டர் தடம் கரடுமுரடாக இருப்பது நல்லதே, எப்பாக்சி பிடித்துக்கொள்ளும். துரு, ஆலைக் கருஞ்செதில், பெயின்ட் எதுவும் இருக்கக்கூடாது. அசிட்டோனில் நனைத்த வெள்ளைத் துணியால் துணி அழுக்காகாத வரை துடைக்க வேண்டும்.

அணையும் பாலமும்

தளத்தைச் சுற்றி அணை கட்டும்போது அகலத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். திரவம் சுவரைத் தொடும் இடத்தில் மேலேறி ஒரு விளிம்பு உருவாகும். எப்பாக்சியில் இந்த விளிம்பு சுவரில் 2 மி.மீ. வரை உயர்ந்து, சுமார் 10 மி.மீ. தள்ளிப் போன பிறகுதான் 10 மைக்ரானுக்குள் அடங்கும். 20 மி.மீ. ரயிலுக்கு இருபுறமும் 12 மி.மீ. என்றால் 44. ரயிலைப் பக்கவாட்டில் நகர்த்தி நேராக்க இடம் வேண்டும், ஆகவே 60 மி.மீ. அகலம் சரியானது. அணைக்கு ஒட்டும் நுரைப் பட்டை அல்லது அலுமினிய எல் பட்டை. மூட்டுகளை அடைக்கச் சிலிகான் பயன்படுத்தாதீர்கள். அதிலிருந்து படியும் எண்ணெய்ப்படலம் எப்பாக்சியில் குழிகளை உண்டாக்கும். சூடான பசைக் குச்சி போதும். அதன் பிறகு அதே எப்பாக்சியைத் தூரிகையால் மெல்லப் பூசி, ஒட்டும் பதத்துக்கு வரவிட்டால் ஊசித்துளைகள் அடைபடும். ஊற்றிய பிறகு கசிந்தால் மட்டம் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும், ஜெல் ஆகும் நேரத்தில் அது எங்கே நிற்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

அணை கட்டிய இரு தொட்டிகளையும் இணைத்து எப்பாக்சி ஓட விடும் பாலம்தான் இந்த முறையின் உயிர். பாலம் இல்லாவிட்டால் இரண்டு தளமும் தனித்தனியாக மட்டமாக இருக்கும், ஆனால் ஒரே உயரத்தில் இருக்காது. பாலத்தை இரு முனைகளிலும் போட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. காரணம் கணக்கில் இருக்கிறது.

மெல்லிய திரவ அடுக்கு சமமாகும் வேகம் ஆழத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 500 மில்லிபாஸ்கல் நொடி பாகுத்தன்மையும் 6 மி.மீ. ஆழமும் உள்ள எப்பாக்சியை எடுத்துக்கொண்டால், ஒரு முனையில் மட்டும் பாலம் உள்ள 3.8 மீட்டர் பாதையில் 1 மி.மீ. உயர வேறுபாடு 10 மைக்ரானாகக் குறையத் தோராயமாக 70 நிமிடம் ஆகும். இரு முனையிலும் பாலம் இருந்தால் சுமார் 26 நிமிடம். ஆழத்தை 3 மி.மீ. ஆக்கினால் இந்த நேரங்கள் எட்டு மடங்காகும். ஒற்றைப் பாலத்துக்கு 9 மணி நேரத்துக்கு மேல், அதற்குள் எப்பாக்சி கெட்டிப்பட்டுவிடும். பாலம் தொட்டியைவிடக் குறுகலாகவோ ஆழம் குறைவாகவோ இருந்தால் நேரம் இன்னும் நீளும். பாகுத்தன்மையும் நிமிடத்துக்கு நிமிடம் ஏறிக்கொண்டே போகும். இதனால்தான் மெதுவான ஹார்ட்னர் (ரெசினைக் கெட்டிப்படுத்தும் இரண்டாவது திரவம்), குறைந்த பாகுத்தன்மை, போதிய ஆழம் மூன்றும் சேர்ந்தே வேண்டும் என்கிறோம்.

அளவு: தொட்டி ஒன்றுக்கு 1500×60×6 மி.மீ., அதாவது 540 மி.லி. இரண்டுக்கும் 1080. பாலங்கள் 40 மி.மீ. அகலத்தில், தொட்டி விளிம்புகளுக்கு இடையே 740 மி.மீ. நீளம், ஒவ்வொன்றும் சுமார் 180 மி.லி. மொத்தம் 1440 மி.லி., எடையில் ஏறக்குறைய 1.6 கிலோ. பாத்திரத்தில் ஒட்டி வீணாவதற்குப் பத்து சதவீதம் கூட்டினால் 1.75 கிலோ.

ஊற்றும் நாள்

ரெசினையும் ஹார்ட்னரையும் எடை போட்டே கலக்க வேண்டும். முழு 1.75 கிலோவையும் ஒரே வாளியில் கலக்கி வைத்திருந்தால் அது தன் சூட்டிலேயே சீக்கிரம் கெட்டிப்படும். மூன்று பாத்திரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் பக்கமும் அடியும் வழித்து மூன்று நிமிடம் கலக்கி, வேறொரு சுத்தமான பாத்திரத்துக்கு மாற்றி மீண்டும் ஒரு நிமிடம் கலக்க வேண்டும். பக்கங்களில் ஒட்டியிருக்கும் கலக்காத ரெசின் தளத்தில் விழுந்தால் அந்த இடம் என்றைக்கும் பிசுபிசுப்பாகவே இருக்கும். மூன்றும் கால் மணி நேரத்துக்குள் தொட்டியில் சேர்ந்துவிட வேண்டும். நைட்ரைல் கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். ஹார்ட்னர் தோலில் படப்பட ஒவ்வாமை நிலைத்துவிடும்.

ஊற்றிய முதல் சில நிமிடங்களில் ஒரு மெல்லிய குச்சியால் முழு நீளத்துக்கும் இழுத்துவிட்டால் வறண்ட இடங்கள் நனையும். குமிழிகளுக்கு ஹீட் கன்னை உயரத்தில் பிடித்து ஒருமுறை ஓட்டினால் போதும். ஓரிடத்தில் நிறுத்தினால் அந்த இடம் முந்திக் கெட்டிப்பட்டு மேடாகும். பிறகு தூசி விழாமல் பிளாஸ்டிக் தாள் கூடாரம்போல் போட்டு, தாள் தொடாதபடி பார்த்துக்கொண்டு, அறையைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். பக்கத்தில் கம்ப்ரசர், கிரைண்டர் எதுவும் ஓடக்கூடாது.

பூமியின் வளைவால் திரவமே வளைந்திருக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. 2 மீட்டர் நீளத்துக்கு அது ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கவலைப்பட வேண்டியது எப்பாக்சியின் சொந்தச் சூடு. வேகமான ஹார்ட்னர் போட்டால் கெட்டிப்படும் நேரத்தில் குழாயின் மேல்முகம் அடிமுகத்தைவிட ஓரிரு டிகிரி சூடேறும். குழாய் மேல்நோக்கி வளைந்திருக்கும் நிலையில் எப்பாக்சி மட்டமாக உறையும். சூடு தணிந்து குழாய் நேராகும்போது உறைந்த தளம் நடுவில் 30, 60 மைக்ரான் என்று குழிந்துவிடும். இரு ரயிலும் நடுவில் ஒரே அளவு பள்ளமாக இருந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

துளையும் ரயிலும்

குறைந்தது மூன்று நாள், குளிர்ந்த அறையில் ஒரு வாரம் விட வேண்டும். மேலே மெழுகுபோல் படிந்திருக்கும் அமீன் படலத்தை வெந்நீரும் துணியும் கொண்டு கழுவ வேண்டும். உப்புத்தாளால் தளத்தைத் தேய்க்கவே கூடாது. கையால் தேய்க்கும் ஒவ்வொரு இழுப்பும் இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற சமத்தைக் கெடுக்கும். ஓரத்து உயர்ந்த விளிம்பை மட்டும் உளியால் சீவி எடுக்கலாம். பாலங்களை அறுத்து நீக்கலாம்.

எம்5 மரைக்கு 4.2 மி.மீ. துளை இரும்பில். எப்பாக்சி அடுக்கில் மட்டும் அதை 6 மி.மீ. ஆக அகலப்படுத்தி, வாயைக் கொஞ்சம் சரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் போல்ட் மரை எப்பாக்சியை மேலே இழுத்து ரயிலுக்கு அடியில் ஒரு சிறு மேடு செய்துவிடும். ரயிலில் போல்ட் தலைக்குக் கீழே 9 மி.மீ. எஃகு, அதன் கீழ் 6 மி.மீ. எப்பாக்சி. ஆகவே வழக்கமான 16 மி.மீ. போல்ட் இரும்பை ஒட்டித் தொடுவதோடு நின்றுவிடும். 25 மி.மீ. போல்ட் போட்டால் 6 மி.மீ. சுவர் முழுவதும் மரை பிடிக்கும்.

இறுக்கும் விசையில் பட்டியலை அப்படியே பின்பற்றக்கூடாது. எஃகுத் தளத்துக்குச் சொல்லும் 9 நியூட்டன் மீட்டர் ஒவ்வொரு போல்ட்டிலும் சுமார் 9000 நியூட்டன் இழுவிசையாகும். 60×20 மி.மீ. பரப்பில் பரவினால் 7.5 மெகாபாஸ்கல். எப்பாக்சியின் விறைப்பு எஃகில் ஏறக்குறைய எழுபதில் ஒரு பங்கு, 6 மி.மீ. அடுக்கு சுமார் 15 மைக்ரான் அழுந்தும். எல்லா இடத்திலும் ஒரே அளவு அழுந்தினால் தொல்லையில்லை. ஒரு போல்ட் 9, அடுத்தது 5 என்று இறுக்கினால் ரயில் அலையலையாகும். அலுமினியத் தளத்துக்குச் சொல்லும் 4.5 நியூட்டன் மீட்டரைப் பயன்படுத்துங்கள், அதையும் டார்க் ரெஞ்சில். வெட்டு விசைக்கு எப்பாக்சி மென்மையாக இருக்குமே என்ற பயம் தேவையில்லை. 500 நியூட்டன் ஒரு பிளாக்கின் நீளத்தில் பரவும்போது அடுக்கு ஒரு மைக்ரானுக்கும் குறைவாகவே அழுந்தும்.

முதல் ரயிலைப் பக்கவாட்டில் நேராக்க 0.3 மி.மீ. பியானோ கம்பியை 6 கிலோ எடை கட்டி இழுத்துப் பிடித்து, பிளாக்கில் பொருத்திய உருப்பெருக்கியால் மேலிருந்து பார்த்து ஒப்பிடலாம். கம்பி 1.5 மீட்டரில் கீழ்நோக்கி 25 மைக்ரான் தொய்யும், ஆனால் பக்கவாட்டில் நேராகத்தான் இருக்கும், நமக்கு அதுவே வேண்டும். நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். இரண்டாவது ரயிலைத் தளர்வாக விட்டு, முதல் ரயிலின் பிளாக்கில் பொருத்திய விறைப்பான கைச்சட்டத்தின் முனையில் டயல் கேஜ் (மைக்ரான் அளவு விலகலை முள்ளால் காட்டும் கருவி) வைத்து இணையாக்கி, போல்ட் போல்ட்டாக இறுக்க வேண்டும்.

கேன்ட்ரியை ஏற்றியதும், கேன்ட்ரியை நகர்த்தும் திருகுத் தண்டான பால் ஸ்க்ரூவை இணைக்கும் முன், ஒரு ஸ்பிரிங் தராசால் அதை மெல்ல இழுத்துப் பாருங்கள். முழு நீளத்திலும் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க வேண்டும். முனைகளில் இறுகினால் இணைத்தன்மைப் பிழை. ஒரு முனையில் மட்டும் படிப்படியாகக் கனத்தால் ரயில்கள் விரிகின்றன அல்லது குறுகுகின்றன. ஒரே இடத்தில் திடீரென்று பிடித்தால் அந்த இடத்துப் போல்ட்டைத் தளர்த்தி அடியில் துகள் இருக்கிறதா பார்க்க வேண்டும். துளையிட்ட எப்பாக்சித் தூள்தான் பெரும்பாலும் அங்கே இருக்கும்.

ரசமட்டத்தால் மீண்டும் அளக்கும்போது நடுவில் 30 மைக்ரானுக்கு மேல் பள்ளம் இருந்தால், ஷிம் (மெல்லிய உலோகத் தகடு) வைத்து ஈடுகட்டலாமா என்று கேட்பார்கள். எங்கள் கருத்தில் கூடாது. 60 மி.மீ.க்கு ஒரு போல்ட் உள்ள ரயிலில் ஷிம்களுக்கு இடையே ரயில் காற்றில் நிற்கும், ஷிம் ஓரங்கள் எப்பாக்சியில் அழுந்தும். நடுக்காலை மெல்ல ஏற்றி அந்த 30 மைக்ரானை எடுப்பதே நேரான வழி. அதற்கும் அடங்காவிட்டால் பழைய அடுக்கை 80 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, துளைகளை மெழுகால் அடைத்து, மெதுவான ஹார்ட்னருடன் இன்னொரு 5 மி.மீ. ஊற்ற வேண்டும். மொத்த அடுக்கு 11 மி.மீ. ஆவதால் போல்ட் நீளத்தை 30 ஆக்க வேண்டும், இறுக்கும் விசை அதே 4.5.

ஒரு மாதம் ஓடிய பிறகு எல்லாப் போல்ட்டையும் அதே விசைக்கு மீண்டும் இறுக்க வேண்டும். எப்பாக்சி அழுத்தத்தில் கொஞ்சம் அமர்ந்திருக்கும், முதல் முறை சற்றுத் திரும்பும் போல்ட்டுகளும் உண்டு. இறுக்கிய பிறகு குறுக்குப் பட்டையை வைத்து முறுக்கை மறுபடி அளந்து, முதல் அளவோடு ஒப்பிட்டுக் குறித்துவைக்க வேண்டும்.